கால்வாய் ஏன் உறையவில்லை? சூடான குளிர்காலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவின் நடுவே ரிடோ கால்வாய் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குத் தடமாகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள்கூடத் தோளில் பையை மாட்டிக்கொண்டு அதில் சறுக்கிப் போவார்கள். 1970-71 குளிர்காலத்தில் தொடங்கிய இந்த வழக்கம் அரை நூற்றாண்டாக ஓர் ஆண்டும் தவறியதில்லை. 2022-23இல்தான் முதல்முறையாகக் கால்வாய் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு திறந்தது, ஆனால் விட்டுவிட்டு மொத்தம் பத்து நாள்தான்.

அந்த ஐஸில் நடக்கப் பழகிய பிறகுதான் இந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆனது. அதனால் கால்வாய் மூடியே கிடந்தது என்னை உலுக்கிவிட்டது. அப்போதிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இங்குள்ள நண்பர்களும், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருக்கும் உறவினர்களும் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மைனஸில் இருக்கிற ஊரில் "சூடான குளிர்காலம்" என்றால் என்ன? எவ்வளவு சூடு?

நம்மூர்க் கணக்கில் அது சூடே இல்லை. 2023-24 குளிர்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக அமெரிக்காவின் 48 மாநிலங்களுக்கும் சேர்த்து டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 3.1 டிகிரி. கேட்டால் நடுக்கம்தான் வரும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் சராசரியைவிட அது 3 டிகிரி கூடுதல். 130 ஆண்டுப் பதிவில் அவர்கள் கண்ட மிகச் சூடான குளிர்காலம் அதுதான். கனடாவில் வித்தியாசம் இன்னும் பெரிது. 1961-1990 சராசரியைவிட 5.2 டிகிரி கூடுதலாக இருந்தது; 1948இல் தொடங்கும் தேசியப் பதிவில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை.

சராசரியைவிட முக்கியமானது பூச்சியம் என்ற கோடு. மைனஸ் 2இல் விழும் பனி தரையில் தங்கும். பிளஸ் 1இல் அதே மேகம் மழையாகப் பெய்து, ஏற்கெனவே கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு போய்விடும். சென்னையில் 29 டிகிரி 32 ஆனால் வியர்வை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இங்கே மூன்று டிகிரியில் ஏரி உறைவதா இல்லையா என்பதே மாறிப்போகும். அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பெரும் ஏரிகளில் ஒரு குளிர்காலத்தின் உச்சத்தில் பாதிக்குச் சற்று மேல், சராசரியாக 53 சதவீதம், ஐஸ் மூடியிருக்கும். 2024இல் அந்த உச்சமே 16 சதவீதம்தான். பெப்ரவரி 11 அன்று, நல்ல குளிர் இருக்க வேண்டிய நாளில், வெறும் 2.7 சதவீதம்.

இடையே சொல் பற்றி ஒன்று. தமிழில் "பனி" என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே அதை வைத்துப் பிரித்தவர்கள் நாம். இங்கே வானிலிருந்து கொட்டுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் பனி என்று வரும் இடமெல்லாம் கொட்டுகிற பனி.

2023-24இன் சூடு எல் நினோ செய்த வேலைதானே?

பெரும் பங்கு எல் நினோவுக்கு, அதாவது சில ஆண்டுகளில் பசுபிக் கடலின் நடுக்கோட்டு நீர் வழக்கத்தைவிடச் சூடாவதற்கு, உண்டு. 2023 யூனில் தொடங்கி அந்த ஆண்டின் கடைசியில் உச்சத்துக்குப் போன வலுவான எல் நினோ அது.

அது வேலை செய்யும் விதம் இப்படி. சாதாரண ஆண்டுகளில் பசுபிக்கின் நடுக்கோட்டில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவித்து வைத்திருக்கும். தென் அமெரிக்கக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். மீன் பெருகும். சில ஆண்டுகளில் காற்று தளர்ந்துவிடும். குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே பரவும். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி இந்தச் சூட்டைக் கவனித்ததால்தான் குழந்தை இயேசுவைக் குறிக்கும் "எல் நினோ" என்ற பெயர் வந்தது.

சூடான நீர் இடம் மாறினால் அதன் மேல் எழும் இடிமேகக் கூட்டமும் இடம் மாறும். அந்த மேகங்கள் வானுக்கு ஏற்றும் வெப்பம், பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் பாதையை இழுத்துத் திருப்பும். எல் நினோ குளிர்காலத்தில் பசுபிக் ஜெட் நீண்டு, தெற்கே இறங்கி, அமெரிக்காவின் தென்பகுதி வழியாகப் போகும். அங்கே மழை. வடக்கேயும் கனடாவிலும் ஆர்க்டிக் காற்றுக்குப் பதிலாகப் பசுபிக்கின் மிதமான காற்று உள்ளே வரும். 2023-24இல் இதுவே நடந்தது. மினசோட்டா மாநிலத்தின் பேர்பெற்ற நாய்வண்டிப் பந்தயத்தைப் பனியே இல்லையென்று ரத்துச் செய்தார்கள். விஸ்கொன்சின் மாநிலத்தில் பெப்ரவரி 8 அன்று சுழற்புயல் (டொர்னேடோ) அடித்தது. அந்த மாநிலத்தில் பெப்ரவரியில் சுழற்புயல் பதிவானது அதுவே முதல் தடவை.

அதே எல் நினோ நம்மூரில் என்ன செய்யும்?

பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும். தமிழ்நாட்டின் கரையோரத்திலும் இலங்கையிலும் எல் நினோ ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும் வாய்ப்புக் கூடுதல்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அதுவும் பெரிய எல் நினோ. டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அதே மாதம் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நியூயோர்க் நகரின் நடுப் பூங்காவில் 22 டிகிரி. மக்கள் அரைக்கைச் சட்டையோடு நடந்தார்கள். 2023 டிசம்பரிலும் அப்படியே: முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலோடு சென்னையில் வெள்ளம், 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. இங்கே ஒட்டாவாவில் அப்போது கால்வாய் உறையாமல் கிடந்தது. தூத்துக்குடியில் வீடு மூழ்கியவருக்கும் இங்கே சறுக்க முடியாதவருக்கும் நேர்ந்ததை நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரே பசுபிக் நீர் இருந்தது.

ஒரு புயலையோ ஒரு நாள் மழையையோ "எல் நினோ அனுப்பியது" என்று சொல்லக் கூடாது. பருவத்தின் சாய்வை மாற்றுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு மழைக்கும் அதனதன் உடனடிக் காரணம் வேறு இருக்கும்.

அப்படியானால் எல் நினோ இல்லாத ஆண்டில் குளிர் சரியாக இருக்க வேண்டுமே?

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். கால்வாய் ஒரு நாளும் திறக்காத அந்த 2022-23 லா நினா குளிர்காலம். அதாவது பசுபிக் வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்த காலம்; கனடாவுக்குக் குளிரைக் கொண்டுவர வேண்டிய காலம். அதுவும் தொடர்ந்து மூன்றாவது லா நினா.

2011-12ம் லா நினாதான். ஆனாலும் அமெரிக்காவில் குளிர்காலம் வந்ததே தெரியாமல் போய்விட்டது. 2012 மார்ச் மாதம் அதுவரையிலான அவர்கள் பதிவில் மிகச் சூடான மார்ச்.

காரணம், வானிலை நாடகத்தில் பசுபிக் ஒரு பாத்திரம் மட்டுமே. வட துருவத்தைச் சுற்றி இன்னொன்று இருக்கிறது: ஆர்க்டிக் அலைவு. துருவத்தின் மேல் காற்றழுத்தம் குறைந்து, சுற்றிலும் கூடியிருந்தால் ஜெட் காற்றோட்டம் இறுக்கமாக, வட்டமாக ஓடும். குளிர் துருவத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இதை நேர் நிலை என்கிறார்கள். அழுத்தம் மாறினால் ஜெட் நெளிந்து வளைந்து, குளிர் தெற்கே வழியும். அது எதிர் நிலை. அத்திலாந்திக் பக்கத்தில் இதன் உடன்பிறப்பு வட அத்திலாந்திக் அலைவு.

2019-20 குளிர்காலத்தில் பசுபிக்கில் எல் நினோவும் இல்லை, லா நினாவும் இல்லை. ஆனால் ஆர்க்டிக் அலைவு பெப்ரவரியில் பதிவிலேயே மிக உயர்ந்த நேர் நிலைக்குப் போனது. ஐரோப்பாவில் அந்தக் குளிர்காலம் 1981-2010 சராசரியைவிட 3.4 டிகிரி கூடுதல். அதற்கு முந்தைய சாதனையான 2015-16ஐ அது 1.4 டிகிரியால் முந்தியது. புத்தாண்டு அலங்காரத்துக்காக மாஸ்கோவுக்குச் செயற்கைப் பனியை லாரியில் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்து "ஐஸ் வைன்" செய்வார்கள். அதற்கு மைனஸ் 7 டிகிரி வேண்டும். அந்த ஆண்டு நாட்டின் ஒரு வைன் பிரதேசத்திலும் அந்தக் குளிர் வரவில்லை. அங்கே முன்பு அப்படி நடந்ததே இல்லை.

இதில் நம் கடலுக்கும் பங்கு உண்டு. 2019இன் பிற்பகுதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் மிகச் சூடாகவும் சுமத்திரா பக்கம் மிகக் குளிர்ந்தும் இருந்தது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று சொல்வது இதைத்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளமும் ஆஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும் அதோடு வந்தவை. ஐரோப்பாவின் அந்தச் சூடான குளிர்காலத்தைத் தூண்டியதிலும் இதற்குப் பங்கிருந்தது என்று பிரிட்டன் வானிலை மையத்தின் விஞ்ஞானிகள் கணித்துக் காட்டியிருக்கிறார்கள். மொம்பாசாவில் பெய்த மழைக்கும் ஜெர்மனியின் உறையாத திராட்சைக்கும் தொடர்பு என்றால் முதலில் நம்ப முடியவில்லைதான். வானம் ஒன்றே என்று யோசித்தால் நம்பலாம்.

எல் நினோ வந்தும் குளிர்ந்த இடங்கள் உண்டா?

உண்டு. 2009-10 எல் நினோ ஆண்டு. ஆனால் ஆர்க்டிக் அலைவு மிகக் கீழே, எதிர் நிலைக்கு இறங்கியிருந்தது. வாஷிங்டன் பனியில் புதைந்தது. அதே பெப்ரவரியில் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக். அங்கே சைப்ரஸ் மலையில் பனி போதாமல், வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன் மேல் வேறிடத்துப் பனியை லாரியிலும் ஹெலிகொப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரே கண்டம், ஒரே மாதம். கனடா முழுவதற்கும் அந்தக் குளிர்காலம் 4 டிகிரி கூடுதலாக, அன்றைய பதிவில் மிகச் சூடானதாக இருந்தது. அந்தப் பதிவைத்தான் 2023-24 உடைத்தது.

இந்த அலைவுகளையெல்லாம் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதை இந்தியாவில் தொடங்குகிறது. 1899இல் பருவமழை பொய்த்துக் கொடும் பஞ்சம் வந்தது. மழையை முன்கூட்டிச் சொல்ல வழியுண்டா என்று தேடிய அரசு, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக நியமித்தது. 1904 முதல் 1924 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வாக்கர் கோட்பாட்டோடு தொடங்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலை, ஆற்று வெள்ளம் என்று எண்களைத் திரட்டி, எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்த்தார். கணினி இல்லாத காலம்; அத்தனை கணக்கையும் இந்திய எழுத்தர்கள் கையால் போட்டார்கள். அவர்கள் பெயர்கள் எங்கும் பெரிதாகப் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். அந்தக் கணக்கிலிருந்து வாக்கர் மூன்று ஊசலாட்டங்களை அடையாளம் கண்டார்: பசுபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையிலான தென் அலைவு, வட அத்திலாந்திக் அலைவு, வட பசுபிக் அலைவு. பருவமழையை அவரால் நம்பகமாகக் கணிக்க முடியவில்லை. ஆனால் இன்று கனடாவின் குளிர்காலக் கணிப்புக்கு அடிப்படையாக இருப்பது அவர் தொட்டுக் காட்டிய இழைகள்தான். தென் அலைவும் எல் நினோவும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்பதை 1960களில் வானிலை விஞ்ஞானி யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார். பசுபிக் நடுக்கோட்டில் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றுக்கு "வாக்கர் சுழற்சி" என்று பெயரிட்டவரும் அவரே.

சரி, இவையெல்லாம் இயற்கை. புவி வெப்பமாதல் எங்கே வருகிறது?

ஊரில் ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் அலை எழும், அடங்கும். கரை உயரமாக இருக்கும்வரை அலை கரைக்குள்ளேயே அடித்து ஓயும். ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு ஒவ்வொரு சாணாக ஏறினால்? அதே காற்று, அதே அலை, ஆனால் ஒரு நாள் கரையைத் தாண்டி வயலுக்குள் வந்துவிடும். எல் நினோவும் ஆர்க்டிக் அலைவும் அலைகள். புவி வெப்பமாதல் நீர்மட்டம். எந்த ஆண்டு, எந்தப் பக்கத்தில் அலை எழும் என்பதை இயற்கை தீர்மானிக்கிறது. எழுந்த அலை கரையைத் தாண்டுமா என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது.

நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதனாலும், அதைப் போலவே வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் மற்றப் பசுங்குடில் வாயுக்களாலும் உலகச் சராசரி ஏறக்குறைய 1.3 டிகிரி கூடியிருக்கிறது. கனடாவில் இந்த ஏற்றம் உலகச் சராசரியைப் போல இரு மடங்கு. 1948 முதல் 2016 வரை ஆண்டுச் சராசரி 1.7 டிகிரி ஏறியது. குளிர்காலத்தை மட்டும் தனியே எடுத்தால் 3.3 டிகிரி.

குளிர்காலம் மட்டும் ஏன் அவ்வளவு வேகமாகச் சூடாகிறது?

முதல் காரணம் வெள்ளை நிறம். புதிதாக விழுந்த பனி, தன் மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி போய் மண்ணோ கடலோ வெளியே தெரிந்தால் அந்த வெயிலின் பெரும்பகுதி உள்ளே இறங்கும். கூடிய சூடு மேலும் பனியைக் கரைக்கும். கோடையில் ஐஸ் இல்லாமல் கிடந்து வெப்பத்தைக் குடித்த ஆர்க்டிக் கடல், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

இன்னொன்று, குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் கனத்த குளிர்க்காற்று மெல்லிய படலமாகப் படிந்து கிடக்கும். மேலே இருக்கும் காற்றோடு அது எளிதில் கலக்காது. சேரும் வெப்பம் அந்தப் படலத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெப்பநிலை சட்டென்று ஏறும். சிறிய பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அதுபோல. இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடாவதற்கும் இது ஒரு காரணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இங்கே குளிர் என்பது உள்ளூரில் விளைவதில்லை. அது ஆர்க்டிக்கிலிருந்து வருகிற சரக்கு. உற்பத்தியாகும் இடமே சூடாகிவிட்டால், வந்து சேரும் குளிர் முன்பு போல் குளிராது.

"வெப்பம் கூடுவதற்கு எல் நினோதான் காரணம், மனிதர்கள் இல்லை" என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

எல் நினோ புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கடலுக்குள் இருந்ததை மேலே கொண்டுவந்து காற்றுக்குக் கொடுக்கிறது. லா நினாவில் கடல் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. வலுவான எல் நினோ ஓர் ஆண்டின் உலகச் சராசரியை 0.1 டிகிரி, மிஞ்சினால் 0.2 டிகிரி உயர்த்தும். போன பிறகு அது இறங்கிவிடும். 1.3 டிகிரி ஏற்றத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

அண்ணனிடம் ஒரே ஓர் ஒப்பீட்டைக் காட்டுங்கள். 1998 மாபெரும் எல் நினோ ஆண்டு. அப்போது உலகம் அதுவரை கண்ட மிகச் சூடான ஆண்டு. 2022 லா நினா ஆண்டு, குளிர்ச்சியான பக்கம். இருந்தும் 2022, 1998ஐவிடச் சூடு. இன்றைய பள்ளம் அன்றைய மேட்டைவிட உயரத்தில் இருக்கிறது.

"அப்போ சூரியன்?" என்பார் அடுத்து. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் அடியிலிருந்து உச்சி வரை சூடாக வேண்டும். பசுங்குடில் வாயுக்கள்தான் காரணமென்றால் கீழ் அடுக்கு சூடாகி, மேலே இருக்கும் அடுக்கு குளிர வேண்டும். காலநிலை விஞ்ஞானி ஸ்யுகுரோ மனாபே 1967இலேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னார். பிறகு வந்த அளவீடுகள் அப்படியேதான் காட்டின: கீழே சூடு, மேலே குளிர்ச்சி. 2021இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தில் இயற்கைக்கு எத்தனை பங்கு, மனிதருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

பால் தனி, தண்ணீர் தனி என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வேலை செய்கின்றன. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதில் கிடைக்கும். கணினிக்குள் இரண்டு உலகங்களை ஓடவிடுகிறார்கள்: பசுங்குடில் வாயு கூடிய இன்றைய உலகம் ஒன்று, கூடாத பழைய உலகம் இன்னொன்று. இரண்டிலும் எல் நினோ வரும், போகும். இவ்வளவு சூடான குளிர்காலம் எந்த உலகத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இரைச்சல் போலத் தெரியும் இயற்கை ஊசலாட்டத்துக்குள் மனிதரின் கைரேகையைத் தேடும் முறைகளுக்கு வழி வகுத்தவர் கிளவுஸ் ஹாஸல்மன். மனாபேயோடு அதே நோபலைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

எல் நினோவே இனி அடிக்கடி வருமா, வலுக்குமா என்பதில் கணினி மாதிரிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதை உறுதியாகச் சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

உலகம் சூடாகிறது என்றால் மைனஸ் 30 ஏன் இன்னும் வருகிறது?

வரும். துருவச் சுழல் என்று ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஆர்க்டிக்கின் மேல், 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில், கடுங்குளிர்க் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். சில சமயம் கீழிருந்து எழும் பெரும் அலைகள் அதைக் குலைத்துவிடும். அந்த உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பநிலை பல பத்து டிகிரி எகிறும். சுழல் பிளந்தோ நகர்ந்தோ போனால் வாரங்கள் கழித்துக் குளிர் தெற்கே கொட்டலாம். 2021 ஜனவரியில் சுழல் அப்படிக் குலைந்தது. பெப்ரவரியில் டெக்சஸ் உறைந்து, லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமில்லாமல் இருளில் கிடந்தன.

சாதனைச் சூடான 2023-24லும் ஜனவரி நடுவில் ஒரு வாரம் ஆர்க்டிக் காற்று இறங்கி, கன்சாஸ் சிட்டியில் மைனஸ் 20 டிகிரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். நியூயோர்க்கில் 22 டிகிரி கண்ட அதே 2015-16 குளிர்காலத்தில், ஒரே மாதம் கழித்து நடுப் பூங்காவில் 70 சென்டிமீட்டர் பனி. அந்த நகரம் ஒரே புயலில் கண்ட மிக அதிகப் பனி அது. கால்வாய் திறக்காத 2023 பெப்ரவரியிலும் ஒட்டாவா இரண்டு நாள் மைனஸ் 30ஐத் தொட்டது. ஆனால் இரண்டு நாள் குளிர் ஐஸை வளர்க்கப் போதாது. நீளமாக, விடாமல் குளிர வேண்டும். நாம் இழந்துகொண்டிருப்பது அந்த நீளத்தைத்தான்.

ஆர்க்டிக் சூடாவதே துருவச் சுழலை அடிக்கடி குலைக்கிறதா? இதில் விஞ்ஞானிகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது, விவாதம் தொடர்கிறது.

குளிர் குறைந்தால் நல்லதுதானே? ஹீட்டர் செலவு மிச்சமாகுமே.

மிச்சமாகும். வயதானவர்கள் வழுக்கி விழுவதும் கொஞ்சம் குறையலாம். அதை மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் எரிவாயுக் கட்டணம் குறைந்தது.

ஆனால் மரங்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை, சூட்டைத்தான் பார்க்கின்றன. 2012 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்துப் பழமரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் வழக்கமான உறைகுளிர் வந்தது. புளிப்புச் செர்ரியும் ஆப்பிளும் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டன. அந்த உறைகுளிர் ஒன்றும் புதிதில்லை. மொட்டுகள்தான் தவறான நேரத்தில் திறந்திருந்தன. 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கிலும் இதே கதை: மிதமான டிசம்பருக்குப் பிறகு திடீரென மைனஸ் 27ஐ ஒட்டிய குளிர். குளிருக்குப் பழகாத கொடிகள் தாங்கவில்லை. அந்த ஆண்டுத் திராட்சை விளைச்சல் கிட்டத்தட்ட முழுவதும் போனது.

வட ஒன்ராறியோவில் பல முதற்குடி மக்களின் ஊர்களுக்குச் சாலையே கிடையாது. ஏரிகளும் சதுப்பும் உறைந்த பிறகு போடும் ஐஸ் பாதையில்தான் ஆண்டு முழுவதற்குமான எரிபொருள், கட்டுமானப் பொருள், உணவு எல்லாம் லாரியில் வரும். ஐஸ் பாதை இல்லையென்றால் விமானம், அதுவும் பல மடங்கு செலவில். 2024 பெப்ரவரியில் பாதைகள் உறுதியாகாததால் அவர்களின் கூட்டமைப்பான நிஷ்னாவ்பே அஸ்கி அவசரநிலை அறிவித்தது. சூடான குளிர்காலம் இதமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்கள்தான்.

நெருப்பும் இருக்கிறது. 2023 கோடையில் எரிந்த காடுகளில் சில தீக்கள் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்கு அடியிலேயே கனன்றன. மேலே போதிய பனி இல்லை. அல்பேர்ட்டா 2024 பெப்ரவரி 20 அன்றே காட்டுத்தீப் பருவம் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி டெக்சஸில் பற்றிய தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றில் மிகப் பெரிய தீ அது.

உண்ணிகள் கூடியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இப்போது தென் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நிலைத்துவிட்டது. வெப்பநிலை 4 டிகிரியைத் தாண்டினாலே அது நடமாடத் தொடங்கிவிடும். ஆகவே ஜனவரியில் இதமான நாளில் காட்டுப் பாதையில் நடந்து வந்தாலும் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள்.

அடுத்த குளிர்காலம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?

எல் நினோவையும் லா நினாவையும் பல மாதங்களுக்கு முன்பே ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள். கடல் மெதுவாக மாறுவதால் அது முடிகிறது. ஆர்க்டிக் அலைவை இரண்டு வாரத்துக்கு அப்பால் சொல்வது கடினம். ஒக்டோபரில் வரும் கணிப்பு "இயல்பைவிடச் சூடாக இருக்க இத்தனை சதவீத வாய்ப்பு" என்று மட்டும் சொல்வது அதனால்தான். குளிர் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டாம்.

அப்போ இனி பனியே இருக்காதா?

இருக்கும். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரே வாரத்தில் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஏரியோரத்தில் சில நாட்களில் முன்பைவிட அதிகமாகக்கூடக் கொட்டலாம். உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று ஓடினால் அது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்க் கரையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் பஃபலோ நகரத்தை ஒட்டிய இடங்களில் இரண்டு மீட்டர் கொட்டியது அப்படித்தான்.

குறைந்துகொண்டு போவது பனி தரையில் தங்கும் நாட்களும், ஐஸ் மூடியிருக்கும் வாரங்களும். வரும் ஒவ்வொரு குளிர்காலமும் போனதைவிடச் சூடாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அலை இறங்கும் ஆண்டுகளும் வரும்.

கால்வாய் இனித் திறக்குமா?

திறந்தது. லா நினா பக்கம் சாய்ந்த 2024-25 குளிர்காலத்தில், ஜனவரி 11 அன்று திறந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடியது. அந்த முதல் வாரம் நான் மூன்று தடவை போனேன். ஐஸுக்கு மேல் அவ்வளவு முகங்களை ஒன்றாகப் பார்த்து நாளாகியிருந்தது.

இந்த ஆண்டு திறக்குமா என்று நீங்களே கவனிக்க விரும்பினால் ஒரு கணக்குப் போதும். நல்ல ஐஸ் 30 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். அதற்கு மைனஸ் 10க்கும் மைனஸ் 20க்கும் இடையே பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து குளிர வேண்டும். நடுவில் மழை வந்தாலோ, கனத்த பனி மேலே விழுந்து போர்வை போல மூடிவிட்டாலோ ஐஸ் தடிப்பது நின்றுவிடும். பொறுப்பாளர்கள் ஐஸைத் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். வாசலில் சிவப்புக் கொடி பறந்தால், குளிர் எவ்வளவு உறைத்தாலும் கால் வைக்க வேண்டாம். பச்சைக் கொடி ஏறிய பிறகு வாருங்கள்.